வெள்ளை ஷூவும் கிழிந்த செவிப்பறையும்: யோஷ்கா ஃபிஷரின் அரசியல்

கதையும் கவிதையும் பேசுகிற இந்தத் தொடரில் ஒரு ஜெர்மன் அமைச்சரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அவர் ஏதாவது நாவல் எழுதியிருக்கிறாரா அக்கா?" என்று ஒருங்கிணைப்பாளர் தம்பி கேட்டார். நாவல் எழுதவில்லை. ஆனால் அவர் வாழ்ந்ததை அப்படியே ஒருவர் நாவலாக எழுதினால், "இதெல்லாம் நடக்கிற கதையா?" என்று நாம் கேட்போம். வரலாறாக இருப்பதால் நம்பித்தான் ஆக வேண்டும்.

நான் செவிலியர். ஜெர்மன் மொழித் தேர்வுக்குப் படித்த நாட்களில், காது பழகட்டும் என்று பழைய தொலைக்காட்சிப் பதிவுகளைப் போட்டுக் கேட்பேன். அப்படிக் கேட்டதில் ஒன்று, 1999-இல் பசுமைக் கட்சி மாநாட்டில் யோஷ்கா ஃபிஷர் பேசிய பேச்சு. பாதி புரியவில்லை. ஆனால் அந்த மனிதர் கத்திப் பேசுகிற விதமும், அவருடைய கோட்டில் வழிந்திருந்த சிவப்புச் சாயமும் மனதைவிட்டுப் போகவில்லை. பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது என்னிடம் ஒரு எண்ணம் தங்கியது. ஜெர்மனியின் நாஜிக் கொடுமை பற்றிய நினைவை இந்த மனிதர் தன் பதவிக் காலத்தில் இரண்டு முறை கையில் எடுத்தார். முதல் முறை ஒரு போருக்காக. இரண்டாவது முறை தன் சொந்த அலுவலகத்தைத் துப்புரவு செய்வதற்காக. முதலாவதுதான் உலகத்துக்குத் தெரியும். இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஃபிஷர் பிறந்தது 1948 ஏப்ரல் 12, தென்மேற்கு ஜெர்மனியில் கெராப்ரோன் என்கிற சின்ன ஊரில். பெற்றோர் ஹங்கேரியில் புடாபெஸ்ட்டுக்குப் பக்கத்தில் வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்கள். போர் முடிந்ததும் 1946-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். யோசேப்பு என்ற பெயரை ஹங்கேரியர்கள் செல்லமாகக் கூப்பிடுவதுதான் யோஷ்கா. அகதிக் குடும்பத்துப் பிள்ளை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும். அப்பா கசாப்புத் தொழில் செய்தவர். பையன் கத்தோலிக்கக் கோவிலில் பீடச் சிறுவனாக இருந்தான்.

படிப்பு ஏறவில்லை. பள்ளி இறுதித் தேர்வு எழுதாமலே 1965-இல் நின்றுவிட்டார். புகைப்படக்காரரிடம் தொழில் பழகப் போனார், அதையும் பாதியில் விட்டார். பட்டமும் பட்டத்துக்கு மேல் பட்டமும் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற ஜெர்மனியில், இப்படி ஒருவர் வெளியுறவு அமைச்சராக வந்தார் என்பது டிப்ளமோ மட்டும் படித்த எனக்கு இன்றும் கொஞ்சம் சந்தோஷம் தருகிற செய்தி.

1968-இல் ஃபிராங்க்ஃபர்ட். பல்கலைக்கழகத்தில் பெயர் பதியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து அடோர்னோ, ஹாபர்மாஸ் ஆகியோரின் வகுப்புகளைக் கேட்டார். தொழிலாளிகளைப் புரட்சிக்குத் திரட்டுவதற்காக ரூசெல்ஸ்ஹைமில் உள்ள ஓபல் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்களில் அனுப்பிவிட்டார்கள். காலி வீடுகளில் புகுந்து குடியேறுவது, அதைத் தடுக்க வரும் போலீஸாரோடு தெருவில் மோதுவது என்று சில ஆண்டுகள். 1973 ஏப்ரலில் ஹெல்மெட் போட்ட ஃபிஷரும் கூட்டாளிகளும் ஒரு போலீஸ்காரரை அடிக்கிற காட்சியை யாரோ படம் எடுத்திருந்தார்கள். அந்தப் படங்கள் 28 ஆண்டுகள் கழித்து, 2001 ஜனவரியில், அவர் அமைச்சராக இருக்கும்போது வெளிவந்தன. அந்தப் போலீஸ்காரரிடம் ஃபிஷர் மன்னிப்புக் கேட்டார். எதிர்க்கட்சி பதவி விலகச் சொன்னது, அவர் விலகவில்லை.

அவரைத் தெருச் சண்டையிலிருந்து திருப்பியது எது என்று கேட்டால், அவரே பல முறை சொன்ன பதில் எண்டெபே. 1976 கோடையில் ஒரு பிரெஞ்சு விமானத்தைக் கடத்தி உகாண்டாவுக்குக் கொண்டுபோனார்கள். கடத்தியவர்களில் இருவர் ஜெர்மன் இடதுசாரிகள், ஃபிராங்க்ஃபர்ட் வட்டாரத்தில் அறிமுகமானவர்கள். அங்கே பயணிகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள். இஸ்ரேலியர்களும் யூதர்களும் ஒரு பக்கம், மற்றவர்கள் இன்னொரு பக்கம். நாஜிகளுக்கு எதிராகப் போராடுவதாக நம்பிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள், நாஜிகள் முகாம் வாசலில் செய்ததையே செய்தார்கள். அந்த அதிர்ச்சி ஃபிஷருக்குள் கடைசிவரை இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பின்னால் 1999-இல் அவர் பேசியதைப் புரிந்துகொள்ளவும் இது வேண்டும்.

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் டாக்ஸி ஓட்டினார். டாக்ஸி ஓட்டிக் குடும்பத்தை நிமிர்த்திய அண்ணன்மாரும் சித்தப்பாமாரும் இந்த அரங்கில் பல வீடுகளில் இருப்பார்கள். மனிதர்களை அறிய அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்று அவர்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன்.

பசுமைக் கட்சி 1980-இல் கார்ல்ஸ்ரூ நகரத்தில் தொடங்கியது. அதன் முகம் ஃபிஷர் அல்ல, பெட்ரா கெல்லி. பத்து வயதுத் தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர் கெல்லி. அணுசக்திக்கும் அணு ஆயுதத்துக்கும் எதிரான அவருடைய போராட்டத்தில் அந்தக் குழந்தையின் மரணம் கலந்திருந்தது. அரசாங்கத்தில் சேர்ந்தால் கட்சி கெட்டுப்போகும் என்ற அச்சம் அவருக்கு உண்டு. ஃபிஷர் கட்சிக்கு வந்ததே 1982-இல்தான். வந்த அடுத்த ஆண்டே பாராளுமன்ற உறுப்பினர். 1983-இல் 5.6 சதவீத வாக்கோடு பசுமைக் கட்சிக்காரர்கள் முதன்முறையாக பான் நகரத்துச் சபைக்குள் பூந்தொட்டிகளோடு நுழைந்தார்கள். பதவி ஆசை வந்துவிடக் கூடாது என்று, இரண்டு வருடத்தில் இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற விதி வைத்திருந்தார்கள். ஃபிஷரும் 1985-இல் எழுந்து போனார். போவதற்கு முந்தைய ஆண்டு சபைத் துணைத்தலைவரைப் பார்த்து, "தாங்கள் அனுமதித்தால்" என்று மரியாதையாகத் தொடங்கி, நான் இங்கே சொல்ல முடியாத ஒரு வசைச்சொல்லில் முடித்தார். ஜெர்மானியர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1985 டிசம்பர் 12. ஹெஸ்ஸன் மாநிலத்தின் சுற்றுச்சூழல் அமைச்சராக வீஸ்பாடனில் பதவிப் பிரமாணம். உலகத்திலேயே அமைச்சரான முதல் சில பசுமைக் கட்சிக்காரர்களில் ஒருவர். ஜீன்ஸ், கசங்கிய கோட்டு, காலில் வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. எதிரே இறுகிய முகத்தோடு முதல்வர் ஹோல்கர் பெர்னர். அந்த ஷூ இன்று ஓஃபன்பாக் தோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வார்டில் எட்டு மணி நேரம் நடக்கிற எனக்கு அதில் கலகம் எதுவும் தெரியவில்லை, நல்ல ஷூவாகத்தான் தெரிகிறது.

ஷூவைப் பற்றி எழுதியவர்கள் பாலைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. பதவியேற்று நான்கு மாதத்தில், 1986 ஏப்ரல் 26, செர்னோபில் வெடித்தது. மேகமும் மழையும் கதிர்வீச்சை ஜெர்மனிக்கும் கொண்டுவந்தன. புல்லில் விழுந்த அயோடின்-131 பசு வழியாகப் பாலுக்கு வரும். பால் குடிக்கிற குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். ஒரு லிட்டர் பாலில் 500 பெக்கரல் வரை இருக்கலாம் என்று மத்திய அரசின் நிபுணர் குழு சொன்னது. ஹெஸ்ஸன் மாநிலம் 20 என்று வைத்தது. ஒரே நாடு, ஒரே பால், இருபத்தைந்து மடங்கு வித்தியாசம். தாய்மார் எந்த எண்ணை நம்புவது என்று குழம்பினார்கள். மருத்துவ ரீதியாக எது சரி என்ற வாதம் ஒருபக்கம் இருக்கட்டும். பசுமைக் கட்சி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன மாறும் என்ற கேள்விக்கு முதல் பதில் அந்த 20 என்ற எண்தான்.

அடுத்த ஆண்டு ஹனாவ் நகரத்தில் புளுட்டோனியம் கையாளும் அல்கெம் ஆலைக்கு அனுமதி தருவதா என்பதில் கூட்டணி உடைந்தது. 1987 பிப்ரவரியில் பெர்னர் ஃபிஷரை நீக்கினார். 1991-இல் திரும்பவும் அதே மாநிலத்தில் அதே துறைக்கு அமைச்சராக வந்தார். ஹனாவில் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த புதிய எரிபொருள் ஆலை கடைசிவரை இயங்கவே இல்லை.

நடுவில் 1990 தேர்தலில், மேற்கு ஜெர்மனிப் பகுதியில் பசுமைக் கட்சி 5 சதவீத வரம்பைத் தொடாமல் சபையிலிருந்தே காணாமல் போனது. நாடு முழுக்க ஒன்றிணைப்பைப் பற்றிப் பேசியபோது இவர்கள் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் தோல்வியில் இருந்துதான் ஃபிஷரின் அணி கட்சியைக் கைப்பற்றியது. 1992 அக்டோபரில் பெட்ரா கெல்லி தன் வீட்டில் துணைவரால் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். பல நாட்கள் யாரும் தேடவில்லை. கட்சியைத் தொடங்கியவரைக் கட்சி எவ்வளவு தூரம் மறந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1998 செப்டம்பரில் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் வென்றன. ஃபிஷர் வெளியுறவு அமைச்சர், துணைப் பிரதமர். அதற்குச் சற்று முன்புதான் 112 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு உடம்பை இறக்கி, ஹாம்பர்க் மாரத்தான் ஓடி முடித்திருந்தார். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். பின்னாளில் எடை திரும்பி வந்தது. எடை குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு வருவதுதான்.

பதவியில் உட்காரும் முன்பே கொசோவோ மேசைமேல் காத்திருந்தது. 1995-இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் ஐ.நா. படையின் கண்முன்னே சுமார் 8,000 போஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டபோது ஃபிஷர் தன் கட்சிக்கு நீண்ட கடிதம் எழுதினார். ஆயுதத்தைத் தொடமாட்டோம் என்று சொல்லிக்கொண்டு நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதன் சாரம். 1999-இல் கொசோவோ அல்பேனியர்களைச் செர்பியப் படைகள் லட்சக்கணக்கில் விரட்டின. மார்ச் 24 அன்று நேட்டோ குண்டுவீச்சு தொடங்கியது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லை. ஜெர்மன் டொர்னாடோ விமானங்களும் போயின. 1945-க்குப் பிறகு ஜெர்மன் ராணுவம் சண்டையில் இறங்கியது அதுவே முதல்முறை. அதற்குக் கையெழுத்திட்ட அரசில் போர் எதிர்ப்பிலேயே பிறந்த கட்சியும் இருந்தது.

மே 13, இயேசு விண்ணேறிய திருநாள், இங்கே அரசு விடுமுறை. பீலஃபெல்ட் நகரத்தில் கட்சியின் சிறப்பு மாநாடு. சமாதானக் கட்சியின் மாநாட்டைப் போலீஸ் காவலோடு நடத்த வேண்டியிருந்தது. விசில், கூச்சல், "கொலைகாரன்" என்ற குரல்கள். மேடையில் உட்கார்ந்திருந்த ஃபிஷர் மேல் ஒருவர் சிவப்புச் சாயப் பையை வீசினார். வலது காதில் பட்டு செவிப்பறை கிழிந்தது. அது ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத மெல்லிய சவ்வு. காதில் ஓங்கி விழுகிற அடியில் உள்ளே அடைபடும் காற்றே அதைக் கிழித்துவிடும். சுருக்கென்று வலி, பிறகு இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். சின்னக் கிழிசல் என்றால் சில வாரங்களில் தானாக ஆறும். அந்த நிலையில் அவர் எழுந்து பேசினார்.

பேச்சின் மையம் இதுதான்: நான் இரண்டு உறுதிமொழிகளின்மேல் நிற்கிறேன். இனி ஒருபோதும் போர் வேண்டாம். இனி ஒருபோதும் ஔஷ்விட்ஸ் வேண்டாம். இரண்டும் எனக்கு ஒன்றாகவே சேர்ந்தவை. குண்டுவீச்சை உடனடியாக, நிபந்தனையில்லாமல் நிறுத்தச் சொல்லி நீங்கள் தீர்மானம் போட்டால் நான் அதை நிறைவேற்ற மாட்டேன் என்றும் சொன்னார். வாக்கெடுப்பில் தற்காலிக நிறுத்தம் மட்டும் கேட்ட தலைமையின் தீர்மானம் 444-க்கு 318 என்று வென்றது. கூட்டணி பிழைத்தது. பலர் உறுப்பினர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையில் சமாரியன் வந்து சேரும்போது கள்ளர்கள் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எண்ணெயும் துணியும் போதும். அவன் அரைமணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? கதை அதைச் சொல்வதில்லை. ஃபிஷர் அந்த அரைமணி நேரத்துக்குள் மாட்டிக்கொண்டவர். அந்தக் கேள்வியை அவர் உண்மையாகவே சுமந்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனாலும் ஔஷ்விட்ஸ் என்ற சொல்லை அங்கே எடுத்தது சரியில்லை என்பதே என் எண்ணம். அந்தச் சொல் ஒரு அரங்கில் விழுந்தபின் எதிரே நிற்பவர் பேச வாய் இருக்காது. குண்டுவீச்சு வேண்டாம் என்பவர் முகாம்கள் இருக்கட்டும் என்று சொல்பவராக ஆகிவிடுவார். அந்த ஒப்பீட்டை எதிர்த்து அப்போதே எழுதியவர்களில் ஔஷ்விட்ஸிலிருந்து உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள். கொசோவோ மக்களை வெளியேற்றுவதற்குச் செர்பிய அரசு முன்கூட்டியே வகுத்த திட்டம் என்று ஜெர்மன் அமைச்சர்கள் அந்த ஏப்ரலில் காட்டிய 'லாடத் திட்டம்' உண்மைதானா என்ற கேள்வியும் பின்னால் கடுமையாக எழுந்தது. கொடுமை நடந்தது உண்மை. அதைக் காட்ட அவ்வளவு பெரிய சொல் தேவைப்படவில்லை.

குண்டுவீச்சு 78 நாட்கள் நீடித்தது. மே 30 ஞாயிறு பகலில், திருநாள் சந்தைக்கு ஜனம் கூடியிருந்த வர்வாரின் என்கிற செர்பிய ஊரில் பாலத்தின்மேல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்டன. பத்துப் பேர் இறந்தார்கள். குடும்பங்கள் ஜெர்மன் அரசின்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டன. கீழ்நீதிமன்றத்திலிருந்து அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2013-இல் கடைசியாகவும் தோற்றன.

இந்த அரங்கில் இருக்கும் ஈழத்து உறவுகளுக்குக் கொசோவோ வேறு விதமாகவும் கேட்கும் என்று அறிவேன். 2008-இல் கொசோவோ சுதந்திரத்தை அறிவித்தபோது, இது கையாள முடியாத முன்னுதாரணம் ஆகிவிடும் என்று உடனே எச்சரித்த நாடுகளில் இலங்கை ஒன்று. அடுத்த ஆண்டு வன்னியில் நடந்தபோது யாரும் வரவில்லை. எங்கே வருவது, எங்கே வராமலிருப்பது என்பதை அறம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2001 நவம்பரில் ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்ப ஷ்ரோடர் நம்பிக்கை வாக்குக் கேட்டார். வேண்டியது 334, கிடைத்தது 336. 2003 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டில் ஈராக் போருக்கான காரணங்களை அடுக்கிய ரம்ஸ்ஃபெல்டைப் பார்த்து, ஜெர்மனிலிருந்து சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறி, "மன்னிக்க வேண்டும், எனக்கு நம்பிக்கை வரவில்லை" என்றார். கொசோவோவுக்குத் தலையாட்டியவர் ஈராக்குக்கு ஆட்டவில்லை.

உள்நாட்டில் இந்தக் கூட்டணி செய்ததில் நம் வீடுகளைத் தொட்டது குடியுரிமைச் சட்டம். 2000 ஜனவரி 1 முதல், பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டுகள் (இந்த வரம்பு 2024 வரை இருந்தது) முறையாக இங்கே வாழ்ந்திருந்தால், இங்கே பிறக்கும் குழந்தை ஜெர்மன் பிரஜை. அதுவரை ரத்த உறவு மட்டுமே கணக்கு. அதே 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் ஃபிஷரின் அமைச்சகம் தூதரகங்களுக்கு விசா பற்றி ஓர் உத்தரவு அனுப்பியது. சந்தேகம் வந்தால் பயணச் சுதந்திரத்தின் பக்கம் சாயுங்கள் என்பது அதன் போக்கு. விசா வரிசையில் கோப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்ற முறையில் எனக்கு அது பிடித்த வாக்கியம். ஆனால் கீவ் தூதரகத்தில் ஆள் கடத்துபவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2005 ஏப்ரல் 25 அன்று பாராளுமன்ற விசாரணைக் குழுவின்முன் நாள் முழுக்கச் சாட்சி சொன்னார். அப்படியொரு விசாரணை ஜெர்மன் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது அதுவே முதல்முறை. பொறுப்பு என்னுடையது என்றார்.

விசா விவகாரம் ஓடிய அதே மாதங்களில்தான் நான் முதலில் சொன்ன இரண்டாவது விஷயமும் நடந்தது. வெளியுறவு அமைச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஓய்வுபெற்ற தூதர் இறந்தால் அமைச்சகத்தின் உள்ளிதழில் மரியாதைக் குறிப்பு வரும். 2003-இல் ஃபிரான்ஸ் நுஸ்லைன் என்ற முன்னாள் தூதரக அதிகாரிக்கு அப்படி ஒன்று வந்தது. அவர் நாஜிக் காலத்தில் பிராக் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்தவர், மரண தண்டனைகளில் பங்கு உள்ளவர். இந்தக் குறிப்பைப் பார்த்து மார்கா ஹென்ஸலர் என்ற ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளர் கொதித்துப்போனார். அதே அமைச்சகத்தில் வேலை பார்த்தவர், வயதான பெண்மணி. ஃபிஷருக்குக் கடிதம் எழுதினார். கடிதம் அமைச்சரின் மேசைக்குப் போகவே இல்லை, இடையில் நின்றுவிட்டது. அந்த அம்மா விடவில்லை, பிரதமருக்கே எழுதினார். பெரிய ஸ்தாபனங்களில் வேலை பார்த்த யாருக்கும் இந்த இடம் புரியும்: கீழிருந்து ஒரு பெண் எழுதிய தாள் எந்த மேசையில் தூங்கும் என்று.

விஷயம் தெரிந்ததும், நாஜிக் கட்சியில் இருந்தவர்களுக்கு இனி மரியாதைக் குறிப்பு கிடையாது என்று ஃபிஷர் உத்தரவிட்டார். 2004-இல் எஸ்.எஸ். அமைப்பில் இருந்த முன்னாள் தூதர் ஒருவர் இறந்தபோது குறிப்பு வரவில்லை. ஓய்வுபெற்ற தூதர்கள் கொந்தளித்து, நாளிதழில் பெரிய இரங்கல் விளம்பரமே கொடுத்தார்கள். தெருச் சண்டைக்காரனா எங்களுக்கு ஒழுக்கம் சொல்வது என்ற தொனி அதில் இருந்தது. ஃபிஷர் பின்வாங்கவில்லை. 2005-இல் வெளியிலிருந்து வரலாற்றாசிரியர்களை அழைத்து, பழைய கோப்புகளைத் திறந்துவிட்டார்.

அந்த ஆண்டு செப்டம்பரில் கூட்டணி தோற்றது. நவம்பரில் பதவி போனது. அடுத்த ஆண்டு பாராளுமன்றத்தையும் விட்டு பிரின்ஸ்டனில் பாடம் நடத்தப் போனார். பிறகு ஆலோசனை நிறுவனம் தொடங்கி, எரிவாயுக் குழாய்த் திட்டம் ஒன்றுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் ஆலோசகர் ஆனார். பழைய தோழர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது ருசிக்கவில்லை.

ஆனால் அவர் திறந்துவிட்ட கோப்புகளில் வரலாற்றாசிரியர்கள் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தார்கள். யூதர்களை நாடுகடத்துவதில் தூதரகங்கள் கூடவே வேலை செய்தன, போருக்குப் பிறகு அதே ஆட்கள் அதே அமைச்சகத்துக்குத் திரும்பி வந்தார்கள், தங்கள் கடந்த காலத்தைத் தாங்களே வெள்ளையடித்துக்கொண்டார்கள் என்று 800 பக்கங்களுக்கு மேல் எழுதினார்கள். சில இடங்களில் மிகைப்படுத்திவிட்டார்கள் என்று மற்ற வரலாற்றாசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையும் பத்திரிகைகளில் வெளிப்படையாக நடந்தது. புத்தகம் 2010 அக்டோபரில் வந்தது. பெர்லினில் தூதர் வேலைக்குப் பயிற்சி பெற வரும் இளம் பிள்ளைகள் இன்று தங்கள் அமைச்சகத்தின் கதையை, ஓய்வுபெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதிய கடிதத்தோடு சேர்த்துப் படிக்கலாம்.